ஒன்பதாவது கழுதை

அப்பா இருபத்தாறு வருடமாக மறைமாவட்ட வார இதழில் படம் வரைகிறார். முதல் பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்குரிய புனிதரோ நற்செய்திக் காட்சியோ வரும். ஐந்தாம் பக்கத்தின் வலது மூலையில், உள்ளங்கை அளவுக் கட்டத்துக்குள், ஒரு கேலிச்சித்திரம். புனிதருக்காக அவரை வேலைக்கு எடுத்தார்கள். கேலிச்சித்திரத்துக்காக அவர் வேலைக்குப் போனார்.

அதற்கு முன்னால் அவர் குருவானவர் ஆவதற்காக இரண்டு வருடம் குருமடத்தில் படித்தார். இறையியல் வகுப்பில் பேராசிரியர்களை வரைந்துகொண்டிருந்ததால் வெளியே அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய அதிபரே பத்திரிகைக்கு ஒரு சிபாரிசுக் கடிதமும் கொடுத்தார். ‘இவருக்கு இறையழைத்தல் இல்லை. ஆனால் சாயல் நன்றாக வருகிறது’ என்று அதில் எழுதியிருந்தது. அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

கத்தோலிக்கப் பத்திரிகையில் படம் போடுவதற்கு எழுதாத சட்டங்கள் பல உண்டு. கன்னியர்கள் பல் தெரியச் சிரிக்கக் கூடாது. சாத்தானுக்கு மூக்குக்கண்ணாடி போடக் கூடாது, ஏனென்றால் நிர்வாகக் குழுவில் நான்கு பேர் கண்ணாடிக்காரர்கள். சூசையப்பரின் ரம்பத்துக்குப் பற்கள் சரியான பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒருமுறை தச்சர் ஒருவர் இரண்டு பக்கக் கடிதம் எழுதி, அந்த ரம்பத்தால் ஆண்டவருக்குத் தொட்டில்கூடச் செய்திருக்க முடியாது என்று நிரூபித்தார்.

மாதிரிக்கு வீட்டு ஆட்கள்தான். எல்லா மாதா படத்திலும் இருப்பது அம்மாவின் கைகள். கட்டைவிரலில் இருக்கும் சூட்டுத் தழும்புகூட வந்திருக்கிறது. எனக்கு என் முகத்தை யாராவது உற்றுப் பார்த்தால் பிடிக்காது. பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் அப்பா என்னைப் பின்பக்கமிருந்துதான் வரைவார். கிணற்றடிச் சமாரியப் பெண், கல்லறை வாசலில் நிற்கும் மதலேன் மரியாள், பாத்திரம் துலக்கும் மார்த்தா எல்லாம் என் முதுகு. மறைமாவட்டம் முழுக்க எல்லாருக்கும் என் பின்னலைத் தெரியும்.

வீட்டில் நாங்கள் பிஷப் என்று சொல்லும் ஆயரை மட்டும் அவர் மனப்பாடமாக வரைவார். எங்கள் ஆயர் புகைப்படம் எடுக்கும்போது சரியாகக் கண்ணை மூடிவிடுவார். பத்து வருடத்தில் கண் திறந்த புகைப்படம் ஒன்றுகூட இல்லை. எனவே ஆயர் எங்கே எதைத் திறந்துவைத்தாலும் பத்திரிகை அவரை வரைந்துதான் போட வேண்டியிருந்தது. நீண்ட மேலுதடு, கனத்த இமை, கண்ணுக்குக் கீழே பொறுமை தொங்கும் இரண்டு பைகள். நானூறு தடவையாவது வரைந்திருப்பார்.

இந்தத் தவக்காலம் தொடங்கியபோதே அந்த ஐந்தாம் பக்கக் கட்டத்துக்கு ஆபத்து வந்திருந்தது. இரண்டு புகார்கள். முதலாவது, ஒரு கன்னியர் மடத்திலிருந்து. கையை விட்டு சைக்கிள் ஓட்டும் சிஸ்டர் ஒருவரை அப்பா வரைந்திருந்தார். தங்கள் மடத்தில் கையை விட்டு ஓட்டுவது ஒரே ஒரு சிஸ்டர்தான் என்றும், படம் அவரைக் குறிப்பதாகவும் எழுதியிருந்தார்கள். இரண்டாவது, பேராலயப் பாடகர் குழுத் தலைவரிடமிருந்து. படத்தில் இருந்தது ஒரு தவளை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அப்பாவைக் கெடுத்தது தவளையின் வாய். அது அச்சு அசலாகத் தலைவருடைய வாய்.

ஆயரின் செயலாளர் ஒரு கடிதம் அனுப்பினார். மூன்றாவது புகார் வந்தால் கட்டம் நிறுத்தப்படும், அந்த இடத்தில் ‘இந்த வார இறைச்சிந்தனை’ வெளிவரும். இறைச்சிந்தனையை எழுதுபவர் செயலாளர்தான். எழுபத்திரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

“புனிதரை மட்டும் வரைஞ்சா போதாதா?” என்று அம்மா கேட்டாள்.

“போதும். ஆனா நான் செத்துருவேன்” என்றார் அப்பா. பருப்புக்கு உப்புப் போதவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னார். அதனால் அது உண்மை என்று எங்களுக்குத் தெரிந்தது.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, முதல் பக்கப் படத்தை முடித்து மை காய்வதற்காக ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தார். ஆண்டவர் கழுதைமேல் எருசலேமுக்குள் வருகிறார். கூட்டம் குருத்து பிடிக்கிறது. அம்மா துணி மடித்துக்கொண்டே பார்த்தாள்.

“என்னங்க, கழுதை நம்ம பிஷப் மாதிரி இருக்கு.”

அப்பா எழுந்து வந்து பார்த்தார். தலையை ஒருக்களித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் முதல் அவர் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. மேலுதடு, இமை, இரண்டு பைகள், எல்லாம் இருந்தன. காது மட்டும்தான் கழுதையுடையது.

“வேணும்னு பண்ணீங்களா?”

“இல்ல. கை பண்ணிடுச்சு.”

“மாத்துங்க.”

“மாத்தணும்” என்றார். மாற்றவில்லை. உறையில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோய் பத்திரிகை ஆசிரியராக இருக்கும் குருவானவரின் மேஜையில் வைத்துவிட்டு, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

புதன்கிழமை காலையில் சிரிப்பு போய்விட்டது. கை செய்தது பாவமில்லை, தெரிந்த பிறகு விட்டதுதான் பாவம் என்று பல் துலக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு வருடக் குருமடப் படிப்பு இந்த மாதிரி நேரத்தில்தான் வேலை செய்யும்.

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. புதன்கிழமை நண்பகலில் அங்கே திரை போட்ட மரத் தொட்டிக்குள் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்பவர் ஓய்வு பெற்ற ஒரு குருவானவர். காது கேட்காது. எதைச் சொன்னாலும் பரிகாரமாக மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொல்வார். அலுவலகத்தில் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். அவரைக் காது ஃபாதர் என்று அழைப்பார்கள். ஒரு நல்லெண்ணத்துக்காக அப்பா அவரிடம் எப்போதும் சத்தமாகச் சொல்வார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“போனேன். தொட்டியில முழங்கால் போட்டேன். கழுதை விஷயத்தை ஒண்ணு விடாம கத்திச் சொன்னேன்.”

“சரி.”

“‘கத்தாதீங்க, எனக்குக் காது கேக்குது’ன்னு உள்ளேருந்து குரல்.”

“யாரு?”

“காது ஃபாதர் இன்னைக்குக் காது டாக்டர்கிட்ட போயிருக்காராம். அவருக்குப் பதிலா ஆசிரியர் ஃபாதர் உக்காந்திருக்காரு.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்லக் கூடாது. அது மட்டும் போதாது, கேட்டதை வைத்துக்கொண்டு ஒரு காரியமும் செய்யக் கூடாது. உயிரே போனாலும் கேட்காதவர் போலத்தான் நடக்க வேண்டும். பாவம் செய்தவருக்கு அந்தக் கட்டு கிடையாது. அதனால் அப்பா எங்களிடம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“அப்ப அந்தப் படத்தை அவரு நிறுத்த முடியாதா?” என்று கேட்டேன்.

“எப்படி நிறுத்துவாரு? என்கிட்ட கேட்டதாலதானே அவருக்குத் தெரியும்? அதுக்கு முன்னாடி நேத்துலேருந்து படம் அவரு மேஜைமேலதான் இருந்துச்சு. ஒண்ணும் கவனிக்கலை. மேல வந்ததும் படத்தைக் கவுத்துப் போட்டு, பேப்பர்வெயிட்டை மேல வச்சாரு. அப்புறம் எடுத்தாரு. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாரு. கதவு இடுக்குல பார்த்தேன்.”

“ஐயோ பாவம்” என்றாள் அம்மா.

“தொட்டியிலேயே சொல்லிட்டாரு. படத்தை மாத்தறேன்னு வாக்குக் குடுத்தாத்தான் மன்னிப்புன்னு. குடுத்துட்டேன். அப்புறம் கதவைத் தட்டி உள்ள போயி, ‘ஃபாதர், அந்தக் குருத்து ஞாயிறு படத்தைக் கொஞ்சம் திருத்தணும்’னேன். ‘ஏன், என்ன குறை?’ன்னாரு. அவருக்குத்தான் தெரியக் கூடாதே. ‘கழுதை சரியில்லை’ன்னேன். ‘எனக்கு ஒண்ணும் தெரியலையே’ன்னாரு. சொல்லும்போதே படத்தை என் கையில திணிச்சாரு. ஆறு மணிக்குள்ள வேணுமாம். பிரஸ் காத்திருக்காது.”

சாப்பிட்டு முடித்ததும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கழுதையை இரண்டரை மணிக்கு முடித்தார். அம்மாவிடம் நீட்டினார்.

“பிஷப்.”

இரண்டாவது கழுதைக்கு மேலுதட்டைக் குட்டையாக்கினார்.

“பிஷப்புக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு.”

மூன்றாவதை வாய் திறந்து கத்துவதுபோல வரைந்தார். அதைப் பார்த்து அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நாலரை மணிக்குள் பதினொரு கழுதைகள் தரையில் கிடந்தன. பதினொன்றும் எங்களைப் பொறுமையாகப் பார்த்தன. நான் அவற்றின்மேல் கால் வைக்காமல் காபி கொண்டுபோய் வைத்தேன்.

“பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சதும்பாங்க. உங்களுக்குக் கழுதை பிடிச்சா பிஷப்பா முடியுது” என்றாள் அம்மா. “போன வருஷக் கழுதையை எடுத்து ஒட்டுங்களேன். யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?”

நல்ல யோசனைதான். பரணிலிருந்து பழைய இதழ்க் கட்டை நான் இறக்கினேன். போன வருடக் குருத்து ஞாயிறு இதழை விரித்தோம். கழுதைக்கு அதே மேலுதடு, அதே இரண்டு பைகள்.

“அதுக்கு முந்தின வருஷம் எடு” என்றார் அப்பா.

அதுவும் அவர்தான். அதற்கு முந்தியதும். எட்டு வருடம் வரிசையாக ஆயர் ஆண்டவரைச் சுமந்துகொண்டு எருசலேமுக்குள் வந்திருந்தார். அவர் பதவியேற்ற வருடத்துக் கழுதை மட்டும் யாரைப் போலவும் இல்லை. அதற்கும் முந்தைய கழுதைகள் பழைய ஆயர். மூக்குக்கண்ணாடி ஒன்றுதான் குறை.

“எட்டு வருஷமா பத்தாயிரம் பேர் வாங்கிப் படிச்சிருக்காங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல” என்றாள் அம்மா. “அப்ப இதையும் அப்படியே விடுங்க. இதுவும் யாருக்கும் தெரியப்போறதில்ல.”

“அந்த எட்டு வருஷமும் எனக்கே தெரியாது. இப்பத் தெரியும்ல. வாக்கு வேற குடுத்துட்டேன்.”

“தெரியாமப் பண்ணா எட்டு கழுதை. தெரிஞ்சு பண்ணா ஒரு கழுதைகூட ஆகாதா? நல்ல மதம்” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள்.

மணி ஐந்தாகியிருந்தது. அப்பா வெள்ளைத்தாளைப் பார்த்தபடி இருந்தார். நான் பழைய இதழ்களை அடுக்கிக் கட்டி, பரணில் வைக்க முக்காலிமேல் ஏறினேன்.

“அப்படியே நில்லு” என்றார் அப்பா.

கட்டைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். நிப் தாளைக் கீறும் சத்தம் கேட்டது. வழக்கமான முதுகுதான் என்று நினைத்தேன். கை வலித்த பிறகு திரும்பிப் பார்த்தால், படத்தில் என் பின்னல் கழுதையின் வாலாக இருந்தது. ஆண்டவரின் முதுகு, கழுதையின் பின்புறம், இரண்டு பக்கமும் குருத்து பிடித்த கைகள். எல்லாரும் நம்மை விட்டு எருசலேமுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். முகம் என்று எதற்கும் இல்லை.

அம்மா வந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். “இது யாரு மாதிரியும் இல்ல” என்றாள் கடைசியில். எனக்குச் சந்தேகம்தான். என் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியர் ஃபாதர் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாராம். “வித்தியாசமா இருக்கு” என்றாராம். “ஏன் மாத்தினீங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கையெழுத்துப் போட்டு, நாற்காலியில் சாய்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்தாராம்.

குருத்து ஞாயிறு அன்று பேராலயத்தில் ஆயர் பிரசங்கம் செய்தார். வழக்கமாக நாற்பது நிமிடம் ஆகும். அன்று ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. குரலும் கம்மியிருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை செயலாளரிடமிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது புகார். முதல் பக்கப் படம் மனவருத்தம் அளித்ததாக ஒருவர் தெரிவித்துள்ளார், ஓவியரும் ஆசிரியரும் செவ்வாய் காலை பத்து மணிக்கு ஆயர் இல்லத்துக்கு வரவும், ஐந்தாம் பக்கத்துக்கு இறைச்சிந்தனை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இறைச்சிந்தனை நிஜமாகவே இணைக்கப்பட்டிருந்தது.

அப்பா அதை இரண்டு முறை படித்தார். “முகத்தை வச்சா பாவம், முதுகை வச்சா புகார்” என்றார்.

“பேசாம எல்லாத்தையும் சொல்லிடுங்க. அந்த முதல் படத்தையும் எடுத்துட்டுப் போங்க. கட்டம் எப்படியும் போகப்போகுது. ஒளிச்சு வச்சு என்ன பண்ணப் போறீங்க?” என்றாள் அம்மா. அப்பா சரி என்று முதல் படத்தை உறையில் போட்டு எடுத்துப் போனார். இறுகப் பிடித்துப் பிடித்து உறை ஈரமாகிவிட்டதாகப் பிறகு சொன்னார்.

ஆயர் இல்ல வரவேற்பறையில் நான்கு பேர். நாற்காலியில் ஆயர். அவருக்குப் பக்கத்தில் குறிப்பேட்டுடன் செயலாளர். எதிரே அப்பாவும் ஆசிரியர் ஃபாதரும்.

ஆயர் தன் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். உள்ளேயிருந்து சில காகிதத் துண்டுகளை எடுத்து மேஜைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். எட்டு. எட்டும் கத்தரிக்கோலால் நறுவிசாக வெட்டியவை. எட்டும் கழுதை.

“இது யாருன்னு தெரியுதா?” என்று ஆசிரியர் ஃபாதரிடம் கேட்டார்.

ஆசிரியர் ஃபாதர் பார்த்தார். அவருக்கு வியர்த்தது. கண்ணால் பார்த்துத் தெரிவது எது, தொட்டியில் கேட்டுத் தெரிந்தது எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை போலிருக்கிறது.

“கழுதைங்க, ஆண்டகை” என்றார்.

“நல்லாப் பாருங்க.”

“நல்ல கழுதைங்க.”

ஆயர் பெருமூச்சு விட்டு அப்பா பக்கம் திரும்பினார். “முதல் வருஷம் கோபம் வந்துச்சு. உங்களைக் கூப்பிட்டுத் திட்டணும்னு இருந்தேன். அதுக்குள்ள புனித வாரம் வந்துடுச்சு. ரெண்டாவது வருஷம் யோசிச்சேன். சரி, ஆண்டவரைச் சுமக்கறதுதானே நம்ம வேலை, இதை நேராச் சொல்ல இந்த மறைமாவட்டத்துல ஒருத்தனுக்குத்தான் தைரியம் இருக்குன்னு தோணுச்சு. மூணாவது வருஷத்துலேருந்து காத்துக்கிட்டிருப்பேன். பத்திரிகை வந்ததும் முதல்ல கழுதையைத்தான் பார்ப்பேன். அதை வச்சுத்தான் பிரசங்கமே தயார் பண்ணுவேன்.” துண்டுகளை விரலால் நேராக்கினார். “இந்த வருஷம் நான் என்ன தப்புப் பண்ணேன்னு அந்தப் பக்கம் திருப்பிட்டீங்க?”

புகார் கொடுத்தவர் யார் என்று அப்போதுதான் அப்பாவுக்கு விளங்கியது.

எல்லாவற்றையும் சொல்லத்தான் போயிருந்தார். எட்டும் கை செய்த பிழை, ஒன்பதாவது மட்டும் தெரிந்தே செய்த கேலி என்ற வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. ஆனால் அந்த எட்டுத் துண்டுகளின் ஓரங்களும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தன. அப்பா உறையைத் திறந்து, படத்தை எடுத்து, மேஜைமேல் எட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆயர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய மேலுதடு இன்னும் நீண்டது. அது சிரிப்பு என்று அப்பாவுக்குத் தெரியும், நானூறு தடவை வரைந்தவர் அல்லவா.

“இதுதான் எல்லாத்துலயும் நல்லா வந்திருக்கு. எப்ப வரைஞ்சீங்க?”

“நேத்துங்க” என்றார் அப்பா. “புகார் வந்ததும்.”

ஆசிரியர் ஃபாதருக்கு இருமல் வந்துவிட்டது. அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

“மூன்றாவது புகாரைப் பதிவு செஞ்சிட்டேன், ஆண்டகை. அஞ்சாம் பக்கத்துக்கு இறைச்சிந்தனையும் போயிடுச்சு” என்றார் செயலாளர்.

“புகார் வாபஸ்.”

“வாபசுக்குத் தனியா நடைமுறை இல்லைங்களே.”

“ஏற்படுத்துங்க. அந்த அஞ்சாம் பக்கத் தவளைக்கு அப்புறம்தான் பாடகர் குழு பாட்டை ரெண்டு சரணம் குறைச்சிருக்கு. அதை நிறுத்தவா சொல்றீங்க?”

செயலாளர் எழுதிக்கொண்டார். இறைச்சிந்தனை எட்டாம் பக்கத்துக்கு, மரண அறிவிப்புகளுக்குக் கீழே போயிற்று. இன்றுவரை அங்கேதான் வருகிறது.

திரும்பி வரும்போது காரில் ஆசிரியர் ஃபாதர் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாராம். அலுவலக வாசலில் இறங்கும்போது மட்டும், “மை நல்லாக் காஞ்சிருந்துச்சு” என்றாராம்.

அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. “நேத்து” என்று சொன்னது பொய். அதுவும் ஆயரிடம், அதுவும் புனித வாரத்தில். மறுநாள் புதன்கிழமை. நண்பகலில் சிற்றாலயத்துக்குப் போனவர் இந்த முறை முழங்கால் போடுவதற்கு முன் தொட்டியைச் சுற்றிப்போய்த் திரை இடுக்கில் பார்த்து உறுதி செய்துகொண்டார். காது ஃபாதர்தான். நிம்மதியாக முழங்காலிட்டு, வழக்கம்போலச் சத்தமாக, ஒன்பது கழுதைகளையும் ஒரு பொய்யையும் வரிசை தவறாமல் சொன்னார்.

காது ஃபாதர் போன புதன்கிழமை டாக்டரிடம் போனது ஒரு கருவி வாங்குவதற்காக. அது இப்போது அவர் காதில் இருந்தது. புதிதாகக் காது கேட்கத் தொடங்கியவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

“பிஷப்பையா?” என்றார் அவர். சிற்றாலயம் முழுவதும் கேட்டது. “எந்தக் கழுதை?”

வெளியே வரிசையில் பிரஸ் மேனேஜர், தட்டச்சர் அம்மாள், வாசல் காவலாளி, கடைசியாக ஆசிரியர் ஃபாதர் நின்றிருந்தார்கள். பாவசங்கீர்த்தனம் தற்செயலாகக் காதில் விழுந்துவிட்டால், விழுந்தவர்களும் அந்த ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். நால்வரும் கூரையைப் பார்த்தார்கள்.

மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ காலம் முடிந்துபோயிற்று. அப்பாவுக்கு முழு ஜெபமாலை கிடைத்தது. அதை வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை மணியை விரலில் பிடித்தபடியே நிறுத்தி, தாளை இழுத்து, ஐந்தாம் பக்கத்துக்காக ஒரு பெரிய காதை வரைந்தார். யாருடைய காது என்று அம்மா கேட்கவில்லை.